புகை அடங்கிய கங்கு

அன்று வீட்டில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. மனைவியின் அக்கா, பிள்ளைப்பேறு பார்க்க வந்து எங்களோடு தங்கியிருந்தார். என் மகள், பிள்ளை பெற்றுப் பதினாறாம் நாள். அவள் பெற்ற பெண் குழந்தை. மத்தியானத்துக்கு மேல் மிட்வைஃப் மிஸ் வந்தார். மருமகன் இல்லை. அவருக்குக் கொழும்பில் கடை வேலை. லீவு கொடுக்கவில்லை.

அந்தக் குழந்தையைப் பற்றித்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் தேறிவிட்டோம்.

எனக்கு அதிகம் எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் நெருப்பு தெரியும். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கே கொழுந்து காய்கிற ட்ரையருக்கு அடுப்பு எரிப்பது என் வேலை. முப்பது வருஷத்துக்கு மேல் எரித்தேன். எந்த விறகு வெடிக்கும், எது நின்று எரியும், எது கண்ணைப் பிடுங்கும், தூக்கிப் பார்த்தே சொல்வேன்.

ஈர விறகு போட்டால் புகை. புகை வந்தால் இருமல், கண்ணீர், மூச்சு முட்டல். ஆகவே புகை கெட்டது. புகை போய்விட்டால் நெருப்பு நல்லது. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. தோட்டத்தில் பிறந்த எல்லோருக்கும் இது தெரியும்.

எங்கள் தோட்டம் நுவரெலியாவுக்கும் கந்தப்பளைக்கும் நடுவில், மேட்டில் இருக்கிறது. தை மாதம் விடியும்போது புல் வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறினதும் கொழுந்து கருகும். நெருப்பு வைத்துப் பொசுக்கியது மாதிரியே இருக்கும். பனி சுடும் என்று கொழும்பு ஆட்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஒரு தை மாதம் இருந்து பார்த்தால் சிரிக்கமாட்டார்கள்.

குளிருக்கு எங்களிடம் இருப்பது நெருப்புச் சட்டி. கவ்வாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் கிளையை மிலாறு என்போம். தடித்த மிலாறாகப் பார்த்து எடுத்து, எரித்துக் கரியாக்கி வைத்துக்கொள்வோம். பழைய இரும்புச் சட்டியில் கரியைக் கொட்டிப் பற்றவைத்து வாசலில் வைப்போம். முதலில் மஞ்சள் புகை வரும். பிறகு வெள்ளைப் புகை. பிறகு புகை நிற்கும். கங்கின் மேல் நீலமாக ஒரு சின்னச் சுவாலை ஓடும். அது ஓடினால் கங்கு பழுத்துவிட்டது. உள்ளே கொண்டுபோகலாம். அதற்கு முன்னால் கொண்டுபோனால் வீட்டில் ஏச்சு விழும். "கூறு கெட்ட மனுசா, புகையோட கொண்டாற, புள்ளைக்கு மூச்சு முட்டாதா?" என்று கேட்பார்கள். அவ்வளவு கவனமாக இருந்தோம்.

லயம் என்கிற தோட்டத்து வரிசை வீட்டில் இருந்த காலம் முழுக்க இப்படித்தான். லயத்துக் காம்பரா என்பது ஒரே அறை. தகரக் கூரை. சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் கை நுழைகிற இடைவெளி. படுத்துக்கொண்டே நட்சத்திரம் பார்க்கலாம். என் மகளை என் மனைவி அங்கேதான் வைத்து வளர்த்தாள். தலைமாட்டில் சட்டி இருந்தது. ஒன்றும் ஆகவில்லை.

பிறகு எங்களுக்கு வீடு கிடைத்தது. ஏழு பேர்ச் காணியில் தனி வீடு. சிமெந்துச் சுவர், மேலே சீலிங் அடித்தது, கண்ணாடி ஜன்னல். கதவு மூடினால் கச்சிதமாகப் பொருந்தும். குடிபோன முதல் நாள் என் மனைவி அறைக்குள் நின்று காது கொடுத்துக் கேட்டாள்.

"காத்து சத்தமே கேக்கலீங்க," என்றாள்.

எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

மகள் பிள்ளை பெற்று வந்ததும் அந்த அறையை அவளுக்குக் கொடுத்தோம். பிள்ளை பெற்ற உடம்பு பச்சை உடம்பு. காற்றுப் படக்கூடாது. அக்கா வந்த அன்றைக்கே ஜன்னல் ஓரத்தைச் சுற்றி பார்சல் கட்டுகிற டேப்பை ஒட்டினார். கதவுக்கு அடியில் பழைய சேலையைச் சுருட்டித் திணித்தார். வேலை முடித்துவிட்டு உள்ளங்கையைக் கதவோரமாகப் பிடித்துப் பார்த்தார்.

"ஒரு பொட்டுக் காத்து வரல, தம்பி," என்றார் என்னிடம்.

மிட்வைஃப் மிஸ் முதல் தடவை வந்தபோது மூலையில் இருந்த சட்டியைப் பார்த்தார். சிங்களப் பெண். எங்கள் தோட்டங்களில் சுற்றிச் சுற்றித் தமிழ் பழகியவர்.

"இது என்ன அம்மா, சாமிக்கா?" என்று கேட்டார்.

"இல்லீங்க மிஸ். புள்ளைக்குக் குளிருமில்ல," என்றாள் என் மனைவி.

"எப்பா எப்பா." எப்பா என்றால் வேண்டாம். "ரூமுக்குள்ள கரி நெருப்பு எப்பா. ஜன்னல் கொஞ்சம் தொறந்து வைங்க. பிள்ளைய அம்மா நெஞ்சோட சேர்த்து வச்சி மேல கம்பளி போடுங்க. அது போதும்."

"புகை இல்லீங்க மிஸ். புகை அடங்குனப்புறம்தான் உள்ள எடுப்போம்."

"இருந்தாலும் எப்பா."

"ஜன்னலத் தொறக்கவா?" என்றார் அக்கா. "மிஸ்ஸு வெயில் ஊருல இருந்து வர்றாங்க போல."

மிஸ் சிரித்தார். "நான் வெலிமடை, அக்கே. எனக்கும் குளிர் தெரியும்."

அவருக்கு அன்று இன்னும் நாலைந்து வீடு இருந்தது. மழையும் இருட்டிக்கொண்டு வந்தது. குழந்தையை நிறுத்துப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், போய்விட்டார். ஏன் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

அவர் தலை மறைந்ததும் அக்கா சொன்னார்: "படிச்சவங்க சொல்றது படிச்சவங்க வீட்டுக்குச் சரி. ஜன்னலத் தொறந்து வச்சா நாளைக்கே புள்ளைக்குச் சளி கட்டும். அப்ப வந்து அவுங்களா பாப்பாங்க?"

யாரும் மறுக்கவில்லை. சளி கட்டிச் செத்த குழந்தைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். கரி நெருப்பில் செத்த குழந்தையை யாரும் பார்க்கவில்லை. பார்த்ததாகத் தெரியவில்லை.

அன்றிலிருந்து மிஸ் வருகிற நாளில் சட்டி அணைந்து கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

பதினாறாம் நாள் மகளுக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். மருந்து இலை போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீர். தலைக்கு ஊற்றிய நாளில் குளிர் பட்டால் ஜன்னி வரும் என்பது எங்கள் பயம். காலையிலிருந்தே மூட்டம். எதிர் வீடு தெரியவில்லை. ஆகவே அன்று இரண்டு சட்டி. ஒன்று மகளின் தலைமுடி காய. இன்னொன்று குழந்தைக்கு.

இரண்டும் வாசலில் புகைந்துகொண்டிருந்தபோது நான் பக்கத்தில் விறகு பிளந்துகொண்டிருந்தேன். நல்ல கரி. நீலம் அழகாக ஓடியது. அக்கா குனிந்து பார்த்தார்.

"பழுத்திருச்சு," என்றார். இரண்டு சட்டியையும் சாக்குத் துணியால் பிடித்து உள்ளே எடுத்துப் போனார். மேலே ஒரு சிட்டிகை சாம்பிராணி தூவினார்கள். கதவு மூடியது. சேலையைத் திணிக்கிற சத்தம் கேட்டது.

உள்ளே மகள், குழந்தை, அக்கா. என் மனைவி பின்பக்கம் சமையலுக்கும் அறைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தாள். நான் வெளியே.

கொஞ்ச நேரம் கழித்து மகளின் குரல் கேட்டது. "அம்மா, தலையப் போட்டு இடிக்குது."

"தலைக்கு ஊத்துனா அப்படித்தான் இருக்கும். காதுல பஞ்சு வச்சிக்க."

"கிறுகிறுன்னு வருது."

"ரத்தம் போன உடம்பு. படு."

அக்கா சொன்னார்: "எனக்கும் மண்ட கனக்குதுடி. ராத்திரி புள்ள தூங்கவிட்டாத்தானே."

என் மனைவிக்கும் நெற்றி வலித்தது. அவள் அதை அடுப்படிப் புகை என்று வைத்துக்கொண்டாள்.

ஒவ்வொரு வலிக்கும் ஒரு காரணம் இருந்தது. ஒன்றும் பொய்யான காரணமில்லை. தலைக்கு ஊற்றினால் தலை வலிப்பதுண்டு. ரத்தம் போனால் கிறுகிறுக்கும். தூக்கம் கெட்டால் மண்டை கனக்கும். குளிரால் வந்தது என்று நினைத்ததால் மகள் சட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

குழந்தை பிறந்ததிலிருந்து அழுதுகொண்டேதான் இருந்தது. பாலுக்கு அழும், பால் குடித்துவிட்டு அழும். அன்று அழவில்லை. என் மனைவி என்னிடம் ஓடி வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"வந்து பாருங்களேன், புள்ள எப்படித் தூங்குதுன்னு. கன்னமெல்லாம் செவந்து கெடக்கு, பொம்ம மாதிரி."

போய்க் கதவைத் திறந்து வாசலில் நின்று பார்த்தேன். கைகால் விறகுத் தூசியாக இருந்ததால் உள்ளே போகவில்லை. முகத்தில் கதகதப்பு அடித்தது. குழந்தை கையை விரித்துப் போட்டுத் தூங்கியது. உதடு நல்ல சிவப்பு. சாம்பிராணி வாசனை. வேறு வாசனை ஒன்றும் இல்லை. கண் எரியவில்லை. இருமல் வரவில்லை. சுவரில் சாய்ந்து அக்கா உட்கார்ந்திருந்தார், வாய் திறந்து, தூக்கத்தில்.

"சூடு ஒத்துக்கிச்சு," என்றாள் என் மனைவி மெதுவாக.

கதவை மூடினோம்.

மிஸ் அன்று வருவார் என்று நாங்கள் நினைக்கவில்லை. மூட்டத்தில் குடை மட்டும் முதலில் தெரிந்தது. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

"மிஸ்ஸு வர்றாங்க, மிஸ்ஸு வர்றாங்க."

சட்டி இரண்டும் நல்ல சூட்டில் இருந்தன. கட்டிலுக்கு அடியில் தள்ள முடியாது, மெத்தை பிடித்துக்கொள்ளும். வெளியே எடுத்தால் மிஸ் கண்ணில் படும். ஆகவே அறைக் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டாள். அடியில் இருந்த சேலையைக் காலால் இன்னும் இறுக்கினாள். கதவுக்கு முன்னால் திரையை இழுத்துவிட்டாள்.

மிஸ் முன் அறையில் உட்கார்ந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது. நானும் விறகை விட்டுவிட்டு வாசற்படியில் வந்து உட்கார்ந்தேன்.

"பிள்ள எங்க அம்மா? நிறுக்கணும்."

"இப்பத்தான் தூங்குது மிஸ். எழுப்பவேணாமே. ப்ளேன்டீ குடிங்க."

"நல்லா தூங்குதா? போன தடவ, தூங்கவே இல்லன்னு அழுதீங்களே ரெண்டு பேரும்."

"இன்னைக்கு நல்லாத் தூங்குது. அசைவே இல்ல."

"நல்லது, நல்லது. அம்மா?"

"அவளும் தூங்குறா. தலைக்கு ஊத்துனோம்."

மிஸ் தேநீர் குடித்தார். சீனிக்கட்டியைக் கடித்துக்கொண்டு, எங்கள் தோட்டத்துப் பாதையைத் திட்டினார். வழுக்கி விழப்பார்த்த கதையைச் சொன்னார். "விழுந்திருந்தா நீங்கதான் எனக்குப் பிள்ளப்பேறு பாக்கணும்," என்றார். என் மனைவி சிரித்தாள். சிரித்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"தலைவலியா?"

"ஆமாங்க மிஸ். இன்னைக்கு வீட்டுல எல்லாருக்கும் தலைவலி. அவளுக்கு, அக்காவுக்கு, எனக்கு. பனி அப்படி."

மிஸ் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்குமா?"

"ஆமா."

என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு?"

"எனக்கில்லீங்க."

"நீங்க எங்க இருந்தீங்க?"

"வெளிய. விறகு பிளந்துக்கிட்டு இருந்தேன்."

"வெளிய குளிர்தானே? உங்களுக்குத்தானே பனி பட்டது?"

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. எழுந்து திரையை விலக்கினார். கொண்டியை எடுத்துவிட்டார். சேலை தடுத்தது. தோளால் தள்ளினார்.

உள்ளே சட்டி இரண்டும் சிவப்பாக, சுத்தமாக, புகை ஒரு இழைகூட இல்லாமல் கனன்றுகொண்டிருந்தன.

"அனே!" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூச்சைப் பிடித்துக்கொண்டு போய்க் குழந்தையைத் தூக்கினார். குழந்தையின் தலை பின்னால் சாய்ந்தது. கழுத்தே இல்லாதது மாதிரி. தூக்கிக்கொண்டு நேராக வெளியே போனார். மூட்டத்துக்குள்.

என் மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள். "பச்சப்புள்ளைங்க மிஸ்! கம்பளியாவது போடுங்க! பனியில கொண்டு போறீங்களே, செத்துப்போயிருமே!"

"விடுங்க அம்மா! ஐயா, மகளத் தூக்குங்க! சீக்கிரம்! உள்ள நிக்க எப்பா!"

நான் மகளைத் தூக்கினேன். ஈரத் தலைமுடி என் கையில் சுற்றிக்கொண்டது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. தலைக்கு ஊற்றிய மகளை, பதினாறு நாள் காற்றுப் படாமல் பொத்தி வைத்த மகளை, வெறும் சிமெந்துத் தரையில், தை மாதப் பனியில் கிடத்தினேன். பெற்றவனுக்கு அதைச் செய்யக் கை வராது. அந்த நேரத்தில் மிஸ்ஸின் குரலுக்குப் பயந்துதான் செய்தேன், புரிந்து செய்யவில்லை.

அக்கா தானாகத் தவழ்ந்து வந்தார். கதவு ஓரம் உட்கார்ந்திருந்ததால் அவருக்குக் கொஞ்சம் தெளிவு இருந்தது. வாசலில் வாந்தி எடுத்தார்.

குழந்தை அழவில்லை. மிஸ் அதன் உள்ளங்காலைத் தட்டினார். வாயில் வாய் வைத்து ஊதினார். ஒரு தடவை விக்கியது. அதன் பிறகு சத்தமில்லை. உதடு மட்டும் அதே சிவப்பு.

பக்கத்து வீட்டுக்காரர் த்ரீவீல் எடுத்தார். குளிருக்காக இரண்டு பக்கமும் படங்குத் துணி இறக்கியிருந்தார். மிஸ் ஏறினதும் அதை மேலே சுருட்டச் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார்.

"சுருட்டுங்க," என்றேன்.

டவுன் ஆஸ்பத்திரி வரைக்கும் காற்று ஊசியாகக் குத்தியது. என் மனைவி வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதாள். மிஸ் குழந்தையின் முகத்தைக் காற்றுப் பக்கமாகத் திருப்பிப் பிடித்திருந்தார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையின் காலில் ஒரு சின்ன கிளிப் மாட்டினார்கள். சிவப்பு வெளிச்சம் எரிகிற கிளிப். மகளின் விரலிலும் ஒன்று. பெட்டியில் நம்பர் வந்தது. நர்ஸ் வாசித்தார்: தொண்ணூற்றெட்டு. மகளுக்குத் தொண்ணூற்றேழு. அந்த நம்பரை எனக்குத் தெரியும். நோய் பரவிய வருஷத்தில் தோட்டத்தில் எல்லோருக்கும் மாட்டிப் பார்த்தார்கள். தொண்ணூற்றைந்துக்கு மேலே இருந்தால் நல்லது என்று சொன்னார்கள்.

"நல்லா இருக்கே," என்றேன்.

டொக்டர் சின்ன வயதுப் பெண். யாழ்ப்பாணப் பேச்சு. அவர் பெட்டியைப் பார்க்கவே இல்லை. மிஸ் சொன்னதைக் கேட்டார். இரண்டு பேருக்கும் ஒக்சிசன் மாஸ்க் போடச் சொன்னார்.

"டொக்டர், தொண்ணூத்தெட்டுங்களே," என்றேன்.

"அதை நம்பாதேங்கோ, ஐயா. இந்த மெஷின் வெளிச்சம் விட்டு ரத்தத்தின்ர நிறத்தைத்தான் பாக்கிறது. நல்ல காத்து ஏறின ரத்தமும் சிவப்பு. கரிக் காத்து ஏறின ரத்தமும் சிவப்பு. அதுக்கு வித்தியாசம் தெரியாது."

"எங்களுக்கும் தெரியலீங்க. கன்னம் செவந்திருக்கவும் நல்லாருக்குன்னு நெனச்சோம்."

"கண்ணால பாத்தா ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. நெருப்பு இருந்தது, எல்லாருக்கும் ஒரே நேரம் தலையிடி எண்டு மிஸ் சொன்னபடியால்தான் தெரியும்."

நாங்கள் கவனமில்லாத ஆட்கள் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்று தோன்றியது. ஆகவே சொன்னேன். புகையோடு உள்ளே வைக்கவில்லை, புகை எல்லாம் அடங்கி நீலச் சுவாலை ஓடின பிறகுதான் வைத்தோம் என்று.

அவர் குழந்தையின் மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அந்த நீலந்தான் ஐயா அது," என்றார். "அந்தக் காத்து எரியிற நிறந்தான் அந்த நீலம். எரியாமல் மிச்சம் இருக்கிறது அறைக்குள்ள வரும். அதுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை."

முப்பது வருஷம் அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்டோரில் அடுப்புக்கு மேலே சிமினி உயரமாக நிற்கும். புகை போகத்தான் அது என்று நினைத்திருந்தேன். புகையே இல்லாத நேரத்திலும் சிமினி வேலை செய்துகொண்டிருந்திருக்கிறது.

சாயங்காலம் குழந்தை அழுதது. மெல்லிய அழுகை, பூனைக்குட்டி மாதிரி. என் மனைவி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகளுக்கு மறுநாள் காலையில்தான் முழு நினைவு வந்தது. முதலில் கேட்டது, "ஏன் இவ்வளவு குளிருது?" என்று.

மறுநாள் தெளிந்து வார்டுக்கு வந்த அக்கா டொக்டரிடம் கேட்டார், கொஞ்சம் கோபமாகவே. "எங்க காலத்துல எல்லாரும் சட்டி வச்சித்தான் புள்ள வளத்தோம். லயத்துல ஒரு புள்ள இப்படி ஆனதில்லையே?"

"அந்த வீட்டுக் கூரை எப்பிடி, அம்மா?"

"தகரம். ஓட்டையும் ஒடசலும்தான்."

டொக்டர் தலையை ஆட்டினார். அக்கா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். கதவுக்கு அடியில் திணித்த மாதிரியே.

எனக்கு வேறொன்று நினைவு வந்தது. எங்கள் வீட்டுக்கு மேல் வரிசையில் ஒரு பெரியவர் தனியாக இருந்தார். வீடு கிடைத்த முதல் தை மாதமே இறந்துபோனார். காலையில் கதவைத் தட்டி, திறக்காமல், உடைத்து உள்ளே போனோம். குளிர் அடித்துவிட்டது என்றார்கள். முகம் மட்டும் உயிரோடு இருக்கிற ஆள் மாதிரி நல்ல நிறமாக இருந்தது. புண்ணியவான், தூக்கத்திலேயே போனார் என்று எல்லோரும் பேசிக்கொண்டோம். கட்டில் பக்கத்தில் சாம்பலோடு ஒரு சட்டி இருந்தது. அதை வெளியே எடுத்து வைத்தது நான்தான்.

இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. மிஸ்ஸிடம் மட்டும் சொன்னேன். அவர் எங்கள் வரிசையில் வீடு வீடாக ஏறி இறங்கினார். இந்த முறை எப்பா என்று மட்டும் சொல்லவில்லை. ஏன் என்றும் சொன்னார். என் மனைவியையும் கூடக் கூட்டிக்கொண்டு போனார். சிலர் கேட்டார்கள். சிலர், "அவங்க கதவ ரொம்ப இறுக்கிட்டாங்க, நாங்க அப்படி இல்ல," என்றார்கள்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மகளுக்குப் பயமில்லை என்றார். குழந்தையைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

"மூளைக்குக் காத்துக் குறைஞ்ச நேரம் எவ்வளவு எண்டு எங்களுக்குத் தெரியாது. ஒண்டும் இல்லாமலும் போகலாம். வளர வளரத்தான் தெரியும். கிளினிக்குக்கு ஒழுங்காக் கொண்டு வாங்கோ."

"எப்பத் தெரியும்ங்க?"

"நடக்கேக்க, பேசேக்க. பாத்துக்கொண்டு இருக்க வேணும்."

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

குழந்தை சிரித்தது. கழுத்து நின்றது, கொஞ்சம் தாமதம். உட்கார்ந்தது, அதுவும் தாமதம். ஒவ்வொன்றும் தாமதமாக வந்தது. ஆனால் வந்தது. நல்ல நிறம், நல்ல சதை. பார்க்கிற எல்லோரும் தூக்கிக் கொஞ்சுகிறார்கள். "என்னா தங்கமான புள்ள, அழவே அழாது," என்கிறார்கள். அப்படிச் சொல்லும்போது என் மகள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

முன்பெல்லாம் குழந்தை தூங்கினால் வீடு நிம்மதியாக இருக்கும். இப்போது தூங்கினால் யாராவது ஒருவர் போய் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்க்கிறோம். கன்னம் சிவந்தால் என் மனைவி ஜன்னலைத் திறக்கிறாள். வெயிலில் விளையாடிச் சிவந்தாலும் திறக்கிறாள்.

இப்போது ஒன்றரை வயது தாண்டிவிட்டது. பேச்சுதான் பாக்கி.

அக்கா வரும்போதெல்லாம் சொல்கிறார்: "எதுக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்கீங்க? இவ அப்பனும் மூணு வயசுலதான் வாயத் தொறந்தானாம். சம்பந்தியே சொன்னாங்க. இப்பப் பாருங்க, போன்ல வாய மூடுறானா?"

மருமகன் தாமதமாகப் பேசியது உண்மைதான். விசாரித்தேன். ஆகவே அதுவும் பொய்யான காரணமில்லை.

கிளினிக்கில் மிஸ் குழந்தையை மடியில் வைத்துப் பொம்மை காட்டினார், பந்து காட்டினார், பேர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பிப் பார்த்தது. பிறகு மகளிடம் கேட்டார், வீட்டில் என்னென்ன வார்த்தை சொல்கிறாள் என்று. இந்த வயதுக்குப் பத்து வார்த்தையாவது வரவேண்டும் என்றார்.

"அப்பா மாதிரி லேட்டாப் பேசுவாளா மிஸ்?" என்று மகள் கேட்டாள்.

"இருக்கலாம்."

"இல்லன்னா அதுனாலயா?"

மிஸ் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். "தெரியாது, நங்கி." நங்கி என்றால் தங்கை. "டொக்டருக்கும் தெரியாது. அடுத்த மாசம் திரும்ப எண்ணுவோம்."

டொக்டருக்கும் தெரியாது என்பதைக் கேட்டபோது எனக்குக் கோபம் வரவில்லை. அதை மறைக்காமல் சொன்னார்களே என்றுதான் இருந்தது. ஆனால் அன்றிரவு என் மனைவி சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து நான் காது கொடுத்துக் கேட்கிறேன். ஸ்டோர் வேலையை விட்டுவிட்டேன். பகல் முழுக்கக் குழந்தையோடுதான். காக்கா வந்தால் காக்கா என்று சொல்லிக் காட்டுகிறேன். பஸ் சத்தம் கேட்டால் பஸ் என்கிறேன். பூ, தண்ணி, மழை, எல்லாம் சொல்கிறேன். நான் இவ்வளவு பேசினவன் இல்லை. என் மனைவியே சிரிக்கிறாள். குழந்தை என் வாயையே பார்க்கிறது. உதட்டைக் குவிக்கிறது. சில சமயம் காற்று மட்டும் வருகிறது.

அடுத்த கிளினிக் நாளைக்கு. அம்மா என்கிறாள். பாப்பா என்கிறாள். பால் வேண்டுமென்றால் பா என்கிறாள். அதையும் சேர்க்கலாம் என்று மகள் சொல்கிறாள். நேற்று வாசலில் உட்கார்ந்திருந்தபோது வானத்தைக் காட்டி, மழ என்றாள். இரண்டு தடவை கேட்டேன், இரண்டு தடவையும் சொன்னாள்.

நான்கு.